அலைமறைவு: 'டெட் சோன்' என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போனுக்கு அலை எட்டாத இடத்தை ஆங்கிலத்தில் 'டெட் சோன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி இங்கே இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: இறந்த வலயம், சமிக்ஞையற்ற பிரதேசம், அலைநிழல். நான் இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் படிப்பிக்கிறேன். குடியிருப்பதும் அங்கேதான். நீங்கள் பெயர் தேடுகிற இடத்திலேயே வாழ்கிறவள் என்பதால் நாலாவதாக ஒன்று சொல்கிறேன்: அலைமறைவு.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எதிரே ஒரு மலை. அதற்கு அந்தப் பக்கம் டவர். நேராக அளந்தால் 2 கிலோமீற்றர்கூட வராது. ஆனால் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்றால் போனில் ஒரு கோடுகூட இல்லை. பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது. அதில் நின்றால் நாலு கோடு. டவர் பாறை என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பின்னேரம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும், கொழும்பில் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேச எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவர் அழுதுகொண்டு பேசினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் இணையம் வேண்டும் என்பதற்காக ஒரு பழைய போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொய்யாமரத்தில் கட்டியிருக்கிறோம். அந்தக் கிளை வரைக்கும் அலை எட்டுகிறது. அங்கிருந்து ஹொட்ஸ்பொட்டில் கீழே வருகிறது. கிளைக்கும் தரைக்கும் 10 அடிதான் வித்தியாசம். ஆனால் சிம் மரத்தில் இருப்பதால் வங்கியின் ஓடிபியும் மரத்துக்குத்தான் வரும். மகன் ஏறி எண்ணை வாசிக்க, நான் கீழே தட்டுவேன். பாதி நாட்களில் அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடும். பட்டரியும் அப்படித்தான். மறைவில் கிடக்கும் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். அதனால் மலைக்குப் போகும் பெண்கள் போனை பிளைட் மோடில் போட்டுக்கொண்டு போய், பாறைக்கு வந்துதான் எடுக்கிறார்கள்.

சரி, இதற்குச் சொல் எதற்கு? தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு 'எங்களுக்கு சிக்னல் இல்லை' என்று எழுதினேன். உங்கள் பகுதியில் சேவை இருக்கிறது, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று பதில் வந்தது. எனக்கு மிகவும் மனவருத்தம். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் வாக்கியத்திலும் குறை இருக்கிறது. மின்சாரம் போய் டவரே நின்றாலும் சிக்னல் இல்லை என்கிறோம். இரவு 8 மணிக்கு எல்லோரும் ஒன்றாக வீடியோ பார்த்து, நாலு கோடு இருந்தும் எதுவும் அசையாதபோதும் அதையேதான் சொல்கிறோம். மலை மறைத்தாலும் அதே பேச்சு. முதலாவதற்குக் காத்திருந்தால் போதும். இரண்டாவதற்கு நெரிசல் என்ற சொல் இருக்கிறது. மூன்றாவதுக்குத்தான் பெயரில்லை.

'இறந்த வலயம்' எனக்கு ஒப்பவில்லை. அங்கே எதுவும் இறக்கவில்லை. பத்தடி ஏறினால் அலை இருக்கிறது. 'அலைநிழல்' அழகுதான். ஆனால் தேயிலை மலையில் நிழல் என்றால் ஒதுங்கி இளைப்பாறுகிற இடம். நிழல் மரத்தை நாங்களே நட்டு வளர்க்கிறோம். அந்தச் சொல்லில் எங்கள் குறை கேட்காது.

மழை மறைவுப் பிரதேசம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது கண்ணெதிரே நடப்பது. தென்மேல் பருவக்காற்றில் வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் தாண்டும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடையும் பதுளையும் காய்ந்து கிடக்கும். பிறகு வடகீழ்க் காற்று தொடங்கினால் பதுளைக்கு மழை. மறைவு என்பது இடத்தின் சுபாவமல்ல, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. டவரும் அப்படியே. அதை இந்தப் பக்கம் மாற்றி வைத்தால் எங்கள் லயம் வெளிச்சமாகும், அந்தப் பக்கத்து லயம் மறைந்துபோகும். இதை 'மறைவு' சொல்வதுபோல வேறு சொல் சொல்லாது.

அறிவியலும் பொருந்துகிறது. போனுக்கு வரும் 900 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்ரிமீற்றர், 1800இல் அதில் பாதி. நீளம் குறையக் குறைய அலை மலைமுகட்டைச் சுற்றி வளைந்து வருவதும் குறையும். என் அப்பாவின் மத்திய அலை வானொலி இதே காம்பராவில் நன்றாகப் பாடியதற்கு அதுதான் காரணம். 1000 கிலோ ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 300 மீற்றர். அது மலையைத் தழுவிக்கொண்டு இறங்கிவிடும்.

அப்புறம், டவரை நேரே பார்த்திருக்கும் இடத்தை, எங்கள் பாறையைப்போல, அலைமுகம் என்று வைக்கலாமா?

*

வணக்கம் அம்மா. சென்னையிலிருந்து எழுதுகிறேன். விளக்கம் மனதைத் தொட்டது. இரண்டு தயக்கங்கள். 'மறைவு' என்றால் இங்கே சாவுச் செய்தி. இறந்த வலயம் வேண்டாமென்று சொல்லிவிட்டு மறுபடி அங்கேயே போகிறோமோ? இன்னொன்று, எங்களுக்கு மலையே இல்லை. லிப்டுக்குள்ளும் அடித்தள வண்டி நிறுத்தத்திலும்தான் போன் துண்டிக்கிறது. அதற்கும் இது பொருந்துமா?

*

வணக்கம் தம்பி. நல்ல கேள்விகள். 'தலைவரின் மறைவு' என்று பிரித்து எழுதினால் சாவுதான். ஆனால் 'தலைமறைவு' என்று சேர்த்து எழுதினால் யாரும் சாவை நினைப்பதில்லை. ஆள் எங்கேயோ இருக்கிறார், கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அலைமறைவும் அதே பொருள் தரும். அதனால் எப்போதும் ஒரே சொல்லாக எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

லிப்டுக்கும் பொருந்தும். மறைப்பது மலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லிப்டின் உலோகப் பெட்டி என்ன செய்கிறதோ அதையே எங்கள் லயத்துத் தகரக் கூரையும் கொஞ்சம் செய்கிறது. கட்டட அலைமறைவு, மலை அலைமறைவு என்று பிரித்துச் சொன்னால் போதும்.

நிறுவனத்துக்கு மறுபடி எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. முதல் வரி இது: "எங்கள் லயம் டவருக்கு 2 கிலோமீற்றருக்குள் இருந்தும் மலையின் அலைமறைவில் இருக்கிறது, பிள்ளைக்காம்பராவுக்கு மேலுள்ள பாறை அலைமுகத்தில் இருப்பதால், அங்கே ஒரு சிறு மறுபரப்பி வைத்தால் 40 குடும்பங்களுக்கு அலை கிடைக்கும்." அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் 'ரிப்பீட்டர்' கருவிக்கு மறுபரப்பி சரிதானா? வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.