மறு: ‘இன்சிடென்ட் ரிப்போர்ட்’ – ‘பிசகறிக்கை’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக அணு உலைகளைப் பற்றி மாணவர்களுக்காக எழுதும் கட்டுரைக்கு ‘ரிசர்ச்’, ‘இன்ஸ்பெக்ஷன்’, ‘இன்சிடென்ட் ரிப்போர்ட்’ (உலையில் ஏதாவது தவறினால் அங்கே வேலை செய்பவர் எழுதித் தரும் தாள்) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் கேட்டது நான்தான், அதனால் வந்த பரிந்துரைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஆய்வு’. ரிசர்ச்சுக்கும் ஆய்வு, இன்ஸ்பெக்ஷனுக்கும் ஆய்வு என்று வைத்தால், “ஆய்வு உலையை ஆய்வு செய்ய வந்த ஆய்வாளர் அங்கிருந்த ஆய்வாளர்களிடம் பேசினார்” என்று எழுத வேண்டிவரும், யார் யாரிடம் பேசினார் என்றே தெரியாது. யாழ்ப்பாணத்து நண்பர் ‘பரிசோதகர்’ என்றார். அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று நன்றாகப் புழங்கும் சொல்தான். ஆனால் இந்த உலைகளில் நாள்தோறும் நடப்பதே பரிசோதனை. புதுப் பரிசோதனை எதையும் முன்கூட்டியே அலசி அனுமதிக்கத் தனிக் குழு வேறு இருக்கிறது. இங்கும் இடிக்கும். என் முடிவு: இன்ஸ்பெக்ஷனுக்கு ‘ஆய்வு’ இருக்கட்டும். காவல் நிலையத்திலிருந்து ஆர்டிஓ அலுவலகம் வரை ஆய்வாளர் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும், அதை மாற்றப் போவதில்லை. ரிசர்ச்சை ‘ஆராய்ச்சி’ என்று நீட்டிவிட்டால் போதும். ஆராய்ச்சி உலை, ஆராய்ச்சியாளர். தீர்ந்தது.

ஆனால் ஆய்வு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகளை அடைத்துவிடக் கூடாது. உலையை இயக்குபவர்களே குறித்த கால இடைவெளியில் செய்வது ஒன்று: உலையை அடக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டு எத்தனை நொடியில் விழுகிறது, உலை மூழ்கியிருக்கும் குளத்து நீர் எப்படி இருக்கிறது, அளவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்பதெல்லாம். இதைச் ‘சரிபார்ப்பு’ என்போம். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழு ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது ‘தணிக்கை’. அமெரிக்க அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பதுதான் ‘ஆய்வு’. மின் நிலையங்களில் அந்த ஆய்வாளர் வளாகத்திலேயே அலுவலகம் போட்டு உட்கார்ந்திருப்பார். பல்கலைக்கழக உலைக்கு அப்படி யாரும் கிடையாது. மிசௌரியில் உள்ள 10 மெகாவாட் உலை, எம்.ஐ.டி.யின் 6 மெகாவாட் உலை போல 2 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஆய்வுச் சுற்று ஆண்டுக்கு ஒருமுறை முடியும். ஓரிகனில் ரீட் கல்லூரி வைத்திருக்கும் 250 கிலோவாட் உலை போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ரீட் கல்லூரியில் இளநிலை மாணவர்களே ஆணையத்தின் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, உலையை இயக்குகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், வெளியாள் எப்போதாவது சில நாள் வந்து பார்க்கும் இடத்தில், மற்ற நாட்களில் பாதுகாப்பு என்பது உள்ளே இருப்பவர் தானாக வாய் திறந்து சொல்வதில்தான் இருக்கிறது. அப்படிச் சொல்பவர் இருபது வயதுப் பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை எழுதப் போகும் தாளின் தலைப்பில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

இதுவரை வந்தவை: விபத்து, சம்பவம், கோளாறு, புகார். எனக்கு நான்குமே ஒப்பவில்லை. காரணம் என் அனுபவம். பல வருடம் முன்பு ஓர் ஆலையின் கொதிகலன் பிரிவில் இருந்தேன். சுவரோரம் ஒரு மேசை, மேலே சிவப்பு அட்டை போட்ட ஒரு பதிவேடு, ‘விபத்துப் பதிவேடு’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள், அட்டையில் காய்ந்த பொட்டு வரிசையாக இருந்தது. உள்ளே காலி. அதே சமயம் ஒரு வால்வு வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே வாளி வைத்திருந்தோம், வாளி நிறைந்தால் யாராவது கொண்டுபோய் ஊற்றுவார்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு மூத்தவர் ஒருவர் சொன்னார்: “இது விபத்து இல்லையே தம்பி.” அவர் சொன்னது தப்பே இல்லை. அப்புறம் புதிதாக வந்த பொறியாளர் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, ‘கவனத்துக்கு’ என்று மேலே எழுதித் தொங்கவிட்டார். மூன்று மாதத்தில் நோட்டு தீர்ந்தது. முதல் பக்கத்து முதல் வரி அந்த வால்வுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகள் பின்பற்றும் நெறிமுறையிலும் இந்தப் பார்வை இருக்கிறது. எதையெல்லாம் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலில் எரிபொருளை மூடியிருக்கும் உலோக உறையில் சேதம், பாதுகாப்புக் கருவி பழுது இவற்றோடு, செய்முறையிலேயே ஓட்டை இருப்பது தெரியவந்து அது ஆபத்தான நிலைக்கு இட்டுச்சென்றிருக்கக்கூடும் என்றால் அதையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. யாருக்கும் காயமில்லை, எதுவும் உடையவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். மறு வேலைநாளுக்குள் தொலைபேசியில், 14 நாளுக்குள் எழுத்தில். இதற்கு ‘விபத்து’ பொருந்துமா? ‘சம்பவம்’ என்றால் இப்போது வெட்டுக்குத்துதான் நினைவுக்கு வருகிறது. ‘கோளாறு’ எந்திரத்துக்கு மட்டும், செய்முறையில் மனிதர் தவறவிட்ட படியைச் சொல்லாது. ‘புகார்’ என்றால் ஒருவர் மேல் இன்னொருவர் கொடுப்பது.

நான் முன்வைப்பது ‘பிசகு’. கால் பிசகுகிறது, கணக்கு பிசகுகிறது, பூட்டு பிசகியிருக்கிறது. யார் பிசக்கினார் என்ற கேள்வி இல்லாமலே வாக்கியம் நிற்கிறது, ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே வினை. அறிக்கையோடு சேர்த்தால் ‘பிசகறிக்கை’, பதிவேட்டோடு சேர்த்தால் ‘பிசகுப் பதிவேடு’.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 2021 பிப்ரவரி 3 அன்று நடந்ததைப் பாருங்கள். அது பல்கலைக்கழகம் இல்லை, மத்திய அரசின் தரநிலை நிறுவனத்தின் 20 மெகாவாட் ஆராய்ச்சி உலை. எரிபொருள் மாற்றியபோது ஓர் எரிபொருள் தொகுதியை இடத்தில் பிடித்து வைக்கும் தாழ் சரியாக விழவில்லை. உலையைத் தொடங்கியதும் அந்தத் தொகுதி தன் இடத்திலிருந்து எழும்பி, குளிர்நீர் போதாமல், உறை வெப்பம் அனுமதித்த 450 டிகிரி செல்சியஸைத் தாண்டி, எரிபொருள் ஓரளவு உருகிவிட்டது. மீண்டும் இயக்க அனுமதி 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. உருகியதை விபத்து என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். தாழ் விழாமல் இருந்ததே, அதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். அது பிசகு.

கடலோர மாவட்டத்திலிருந்து எழுதிய அக்கா கேட்ட கேள்வி சரியான கேள்வி: “சின்னச் சொல் வைத்தால் பெரிய விஷயத்தை அதற்குள் மறைத்துவிட மாட்டார்களா?” மறைப்பார்கள் அக்கா, இடம் கொடுத்தால். அதனால் பிசகு என்பது உள்ளே இருப்பவர் எழுதும் தாளுக்கு மட்டும். மக்களுக்குச் சொல்லும்போது அளவுகோல் சொல் தனி, அது கூர்மையாகவே இருக்க வேண்டும். பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் நிலை 1 ‘பிறழ்வு’, 2 ‘அசம்பாவிதம்’, 3 ‘கடும் அசம்பாவிதம்’, 4 முதல் 7 வரை ‘விபத்து’. அசம்பாவிதம் வடசொல் என்று சிலர் வருத்தப்படலாம். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் உடனே உறைக்கும், எனக்கு அது போதும்.

‘பிசகு’ பேச்சு வழக்குச் சொல், கலைச்சொல்லுக்கு மதிப்பாக இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உலையைச் சட்டென்று நிறுத்துவதற்கு உலகமே சொல்லும் ‘ஸ்க்ராம்’ அமெரிக்கத் தெருப்பேச்சில் ‘இடத்தைக் காலி பண்ணு’ என்று பொருள்படும் சொல். 1942இல் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் முதல் உலையைக் கட்டியவர்கள் காலத்திலிருந்து அது அப்படியே நிற்கிறது. நமக்கு மட்டும் எதற்குக் கூச்சம்?

நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரி கீழே:

“செவ்வாய் காலை 9.40. இயக்கத்துக்கு முந்தைய சரிபார்ப்பில் பிசகு. இரண்டாம் தண்டு விழுந்த நேரம் வரம்புக்குள் இருந்தாலும் சென்ற முறையைவிடக் கூடுதல். உலையைத் தொடங்கவில்லை. மூன்று முறை விழவைத்துப் பார்த்தேன், மூன்றும் அதே. மேற்பார்வையாளருக்கு 9.55க்குச் சொன்னேன்.”

கட்டுப்பாட்டு அறையிலோ கொதிகலன் பக்கத்திலோ வேலை பார்த்தவர்கள் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இப்படி ஒரு தாளில் உங்கள் கையெழுத்தைப் போடத் தயக்கம் வருமா என்று மட்டும் சொல்லுங்கள். தயக்கம் வந்தால் சொல்லை மாற்றிவிடுகிறேன்.