இப்போது ரப்பர் கன்று வைத்தால் 2050 வெயிலைத் தாங்குமா?

வெட்டுக்காரன், திருவட்டார்:
வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ரப்பர் மூடுகளில் பால் குறைந்துவிட்டது. முறித்துவிட்டு மறுநடவு செய்யலாமா என்று யோசனை. கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷம், அப்புறம் இருபது, இருபத்தைந்து வருஷம் வெட்டலாம். 2050-இலும் என் மகன் அதே மூட்டில்தான் கத்தி வைப்பான். அப்பா விடிந்த பிறகுதான் தோட்டத்துக்கு இறங்குவார். நான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே போகிறேன். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடுகிறது, சிரட்டை பாதிகூட நிறைவதில்லை. உலகம் முழுக்கப் புகையைக் குறைத்தால் இந்தச் சூடு இறங்குமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வாத்தியார், நாகர்கோவில்:
இறங்காது அண்ணே. ஏறுவது நிற்கும், அவ்வளவுதான். மேலே போன கரியமில வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கழித்தும் அங்கேயே கிடக்கும். ஆலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-இல் பூமியின் சராசரி வெப்பம் பழைய நிலையைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதல். நிகர வெளியீடு, அதாவது காற்றில் விடுவதிலிருந்து திரும்ப இழுப்பதைக் கழித்த கணக்கு, பூஜ்யமானால்தான் ஏற்றம் நிற்கும். இந்தியா அதற்குச் சொல்லியிருக்கும் வருஷம் 2070. உங்கள் கன்று அதற்குள் விறகாகிவிடும்! மீத்தேன் மட்டும் பன்னிரண்டு வருஷம் போலத்தான் நிற்கும், அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

முப்பந்தல் காற்று:
ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்றாடிகள் சுற்றுகிற சுற்றைப் பார்க்க வேண்டும். காற்று விழுந்தால் மறுபடி நிலக்கரி கரண்டுதான். சேமித்து வைக்க வழி வராமல் கரியை விட முடியாது.

கரைக்காரன், தூத்தூர்:
நீங்கள் நேரத்தையாவது மாற்றிக்கொள்ளலாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி வந்தபோது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். ஒரே நாளில் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி.

வெட்டுக்காரன்:
சரி வாத்தியாரே, ரப்பர் மரமும் கரியமில வாயுவை இழுக்கிறதே, அந்தக் கணக்கு?

வாத்தியார்:
மரம் நிற்கும்வரை உண்டு. செங்கல் சூளைக்குப் போனால் இழுத்ததெல்லாம் திரும்பக் காற்றுக்கே. கட்டில், மேஜை ஆனால் கொஞ்ச காலம் தங்கும். யூரியாவையும் அள்ளிப் போடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 270 மடங்கு சூடேற்றும்.

வெட்டுக்காரன்:
சூளைக்காரர்தான் விலை கேட்டு வந்து போகிறார், பிளைவுட்காரரையும் விசாரிக்கிறேன். நடுவது என்று முடிவு. 105 ரக ரப்பரை விட்டு 430 ரகம் வைத்தவர்கள் இருந்தால், மழை இல்லாத மாசி, பங்குனியில் பால் எப்படி என்று சொல்லுங்கள்.