வெனிஷியன் பிளைண்ட் (ஜன்னல் பட்டைத் திரை) நிழல் சுவரில் விழவே மாட்டேன்கிறது: நுவார் லுக் கொண்டுவர வழி?

ஒற்றைவிளக்கு:
கருப்பு வெள்ளைக் குறும்படம், 1940கள் ஹாலிவுட் நுவார் (இருளும் நிழலும் மிகுந்த குற்றப்பட பாணி) சாயல். துப்பறிவாளர் அறை, 10-க்கு 12 அடி, வெள்ளைச் சுவர். 2 அடி உயர எல்இடி பேனலை ஜன்னலுக்கு வெளியே வைத்து அடித்தால் கோடு இல்லை, மங்கல்தான். 60 வாட் சிஓபி லைட்டும் (ஒரே சிறு வட்டத்திலிருந்து ஒளிரும் எல்இடி) கைவசம் உண்டு. மேசைச் சாமான்களுக்கும் யோசனை சொல்லுங்க.

கட்டர்க்காரன்:
பேனலை ஓரங்கட்டுங்க. கோடு கூர்மையா விழ லைட் சின்னதா, தள்ளி இருக்கணும். லைட்டின் உயரத்தை பிளைண்ட்–சுவர் தூரத்தால் பெருக்கி, லைட்–பிளைண்ட் தூரத்தால் வகுங்க. நிழல் ஓரம் எவ்வளவு கலங்கும்னு வந்துடும். 60 செ.மீ. பேனல், 3 மீட்டர் தள்ளி, சுவர் 1.5 மீட்டரில் என்றால் கலங்கல் 30 செ.மீ. அதில் 5 செ.மீ. பட்டை எங்கே தெரியும்? சிஓபியில் ரிஃப்ளெக்டரைக் கழற்றினால் ஒளிரும் வட்டம் சுமார் 2 செ.மீ.தான். கலங்கல் 1 செ.மீ.க்கு வந்துடும்.

லைட்டை உயரத்திலிருந்து சாய்த்து அடிங்க. பட்டைகள் அந்தச் சாய்வுக்கு இணையா இருந்தால் வெளிச்சக்கோடு அகலம், கொஞ்சம் மூடினால் மெலியும்.

சாம்பல்_நிறம்:
கோடு விழுந்தாலும் வெள்ளைச் சுவர் கெடுத்துடும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலையெல்லாம் நிரப்பும். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் சுவர்களிலும் சீலிங்கிலும் கருப்புத் துணி கட்டுங்க. பளபளக்காத துணியா பாருங்க. முகத்தின் இருட்டுப் பக்கம் 3 ஸ்டாப் கம்மியா (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி, ஆக எட்டில் ஒரு பங்கு) இருந்தால் போதும். போனில் எடுத்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) லாக் பண்ணாமல் எடுக்கத் தொடங்காதீங்க. கருப்புக் கோட்டும் இருட்டுச் சுவரும் ஒன்றாகிவிட்டால், தோளுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டு விழ வைங்க.

மேசைக்காரர்:
சாமான் குறைவா, பளபளப்பா இருக்கட்டும். கருப்பு டயல் போனைத் துடைத்து வைத்தால் விளிம்பில் ஒரு வெள்ளைக்கோடு ஓடும், அதுதான் வேணும். விஸ்கிக்குப் பதிலா, பால் கலக்காத டீயை நன்றாக நீர்க்க விடுங்க; கெட்டியா இருந்தால் கிளாஸில் தார் மாதிரித் தெரியும். தொப்பிக்கு லைட்டை மெல்ல இறக்கி, விளிம்பு நிழல் மூக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்துங்க.

புகைக்குச் சாம்பிராணி போதும், ஆனால் தணலைத் தொங்கும் துணியிலிருந்து தள்ளியே வையுங்க. ஃபேனை அணைத்து 2 நிமிஷம் பரவ விடுங்க. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் புகை தெரியும். 1944-இல் வெளியான ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் தூளைப் பறக்கவிட்டுத் தூசிக்கதிர் காட்டினார். அதை நகலெடுக்காதீங்க, நுரையீரலுக்கும் கேடு, தீப்பிடிக்கவும் செய்யும்.

ஒற்றைவிளக்கு:
நன்றி. டேபிள் லேம்ப் ஃபிரேமில் வெறும் வெள்ளை உருண்டையாத் தெரியுது.

மேசைக்காரர்:
9 வாட் பல்பா? 3 வாட் போடுங்க. ஷேடுக்குள், கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் பிரவுன் பேப்பர் ஒரு மடிப்பு ஒட்டுங்க. மறுபக்கத்தை விட்டுடுங்க, நடிகர் கைக்கு வெளிச்சம் வேணுமே.