திருப்பத்தூர் கோர்ட்ல வாதாடின பானுமதி மேடம் பத்தி சொல்லுங்க

காட்பாடி_லா_ஸ்டூடண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நீதிபதி ஆர்.பானுமதி நம்ம பக்கம் கோர்ட்ல தான் வக்கீலா இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையாங்க? வீட்ல சொந்தக்காரங்க எல்லாம் பொம்பளப்புள்ளைக்கு எதுக்கும்மா கோர்ட்டுன்னு கேட்டுட்டே இருக்காங்க.

சத்துவாச்சாரி_வக்கீல்:
உண்மை தாம்மா. 1981ல பதிவு பண்ணிட்டு திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர்னு சின்ன ஊரு கோர்ட்டுங்கள்ல பிராக்டீஸ் பண்ணாங்க, அப்போ திருப்பத்தூர் வட ஆற்காடு ஜில்லா. 1988ல நேரடியா மாவட்ட நீதிபதி, 2003ல மெட்ராஸ் ஐகோர்ட், 2013ல ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014ல சுப்ரீம் கோர்ட். சென்னைல பெரிய சீனியர் கிட்ட இருந்தா தான் மேல வர முடியும்னு சொல்றவங்களுக்கு இத காட்டு.

ஆம்பூர்_அக்கா:
நிர்பயா வழக்குல 2017ல தூக்கு உறுதியானப்போ இவங்க தனியா ஒரு தீர்ப்பு எழுதினாங்க, பொண்ணுங்கள மதிக்க சின்ன வயசுலயே பசங்களுக்கு சொல்லித்தரணும்னு அதுல இருக்கு. அவசியம் படிம்மா.

குடியாத்தம்_தம்பி:
2006ல ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டதும் இவங்க தான்க்கா, அந்த தீர்ப்பு எனக்கு இன்னும் ஒப்பல. ஆனா 2019ல கொலீஜியத்துல, அதாவது புது நீதிபதிங்கள பரிந்துரைக்கிற சுப்ரீம் கோர்ட் மூத்த நீதிபதிங்க குழுவுல உக்காந்தாங்களே, நீதிபதி ரூமா பாலுக்கு அப்புறம் அங்க போன ரெண்டாவது பெண் இவங்க தான்.

காட்பாடி_லா_ஸ்டூடண்ட்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க, இன்னிக்கே அப்பாகிட்ட காட்டுறேன்.