பெர்மாங்கனேட்: ‘பெர்’ முன்னொட்டுக்குத் தமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். வேதிப் பெயர்களில் வரும் ‘பெர்’ என்ற முன்னொட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் ஒருவர் கேட்டது இது:

> பெர்மாங்கனேட்டில் ஆக்சிஜன் கூடுதல் என்பதால் ‘மிகையாக்சி மாங்கனேட்’ எனலாமா?

ஐயா, இந்தச் சொல் வேண்டாம். மாங்கனேட், பெர்மாங்கனேட் இரண்டு அயனிகளிலும் ஆக்சிஜன் அணுக்கள் நான்கே. கூடுவது மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண்தான், அதாவது சேர்மத்தில் அது இழந்ததாகக் கணக்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை: முன்னதில் +6, பின்னதில் +7. உங்கள் கணக்கு குளோரினுக்குத்தான் சரிவரும். குளோரேட்டில் ஆக்சிஜன் மூன்று, பெர்குளோரேட்டில் நான்கு.

தயாரிக்கும் முறையிலேயே இது தெரிந்துவிடும். பைரோலுசைட் என்ற மாங்கனீசுத் தாதுவைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துக் காற்றுப்பட உருக்கினால் பச்சை நிறப் பொட்டாசியம் மாங்கனேட் கிடைக்கும். அதைக் கரைத்து மின்னாற்பகுத்தால், நேர்மின்வாயில் மாங்கனேட் அயனி ஓர் எலக்ட்ரானை இழந்து ஊதாவாகிறது. புதிதாக ஓர் ஆக்சிஜன்கூட வந்து சேர்வதில்லை.

மாணவர்களுக்கு இதைச் சோதனைக் குழாயிலேயே காட்டுவேன். பச்சைக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டால் போதும். பச்சை போய் ஊதா எழும், அடியில் பழுப்பு வண்டல் படியும். மூன்று மாங்கனேட்டில் இரண்டு +7க்கு ஏற, ஒன்று +4க்கு இறங்கி மாங்கனீசு டை ஆக்சைடாகிவிடுகிறது. பெர்மாங்கனேட்டைத் தொட்ட விரலில் நாள்கணக்கில் போகாமல் நிற்கும் கறையும் அந்த டை ஆக்சைடுதான்.

ஆகவே என் பரிந்துரை ‘மீ’. மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் படிக்கிறார்கள். அங்கே ‘மீ’ என்பது எல்லையைத் தொட்டதைக் குறிக்கிறது. மாங்கனீசு, குளோரின் இரண்டுக்கும் +7தான் உச்சம். மீமாங்கனேட், மீகுளோரேட் என்றால் பொருள் பிசகாமல் பொருந்தும். மீத்தேனோடு குழம்பாதா என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். அதில் ‘மீ’யைத் தனியே பிரிக்க முடியாது, குழப்பம் வராது.

பயன்களைச் சொல்லும்போதும் இந்தப் பெயர் கைகொடுக்கும். இரும்பு உப்பின் அளவைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கையில், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டின் ஊதாவும் உடனே மறையும். இரும்பு தீர்ந்த பிறகு விழும் சொட்டு இளஞ்சிவப்பாக நின்றுவிடும். முடிவைக் காட்டத் தனி நிறங்காட்டி தேவையில்லை. அமிலத்தில் மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்கி ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. உச்சத்தில் இருப்பதால்தான் அதற்கு இவ்வளவு பசி. கிணற்று நீரில் போடுவதும், நீர் கசியும் தோல் புண்ணை மிக நீர்த்த கரைசலில் நனைப்பதும் இந்த ஆக்சிஜனேற்றும் திறனை நம்பித்தான்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் உள்ள ‘பெர்’ வேறு. அங்கே இரண்டு ஆக்சிஜன்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன, ஆக்சிஜனின் எண் −1. அதற்கு ‘மீ’ போடக்கூடாது. ‘ஈராக்சைடு’ என்றால் டை ஆக்சைடோடு மோதும். ‘பிணையாக்சைடு’ என்று வைத்துப் பார்த்தேன். ஒலி இன்னும் எனக்கு நிறைவாக இல்லை. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்