737 மேக்ஸ் விமானத்துக்கு எடுத்த பயணச்சீட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
அடுத்த மாதம் என் தாயாருடன் மேற்கொள்ளும் பயணத்துக்குச் சீட்டு எடுத்த பிறகுதான், அதில் குறித்திருப்பது போயிங் 737 மேக்ஸ் 8 என்பதைக் கவனித்தேன். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், ஐந்து மாதங்களுக்குள் எத்தியோப்பியாவில் 157 பேரும் உயிரிழந்தது இதே வகை விமானங்களில்தான் என்பதை அம்மா மறக்கவில்லை. வேறு வகை விமானத்தில் போவதென்றால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாற வேண்டும், கட்டணமும் கூடும். அந்தக் குறை உண்மையிலேயே களையப்பட்டுவிட்டதா, இல்லை மக்கள் மறந்துவிட்டதால்தான் இது பறக்கிறதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்):
தங்கள் தாயாரின் அச்சத்தை வீண் அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். பழைய 737 விமானத்தில் பெரிய இயந்திரங்களைப் பொருத்துவதற்காக அவற்றை இறக்கையில் சற்று முன்னும் மேலுமாக அமைத்தார்கள். இதனால் சில நிலைகளில் மூக்கு மேல்நோக்கி எழ முற்படும் என்பதால், அதைத் தானாகவே கீழே அழுத்தும் எம்கேஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், இந்த மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று தவறான அளவைக் காட்டியபோது, விமானிகள் மூக்கைத் தூக்கத் தூக்க அது மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது. இதைவிடக் கொடுமை, அப்படியொரு மென்பொருள் இருப்பதே முதல் விபத்து வரை விமானிகளின் கையேட்டில் சொல்லப்படவில்லை.

2019 மார்ச்சில் உலகெங்கும் பறக்கத் தடை விதிக்கப்பட்ட இந்த விமானத்துக்கு அமெரிக்காவில் 2020 நவம்பரில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு தன் பங்குக்குத் தனியாக ஆராய்ந்து 2021 ஜனவரியில் அனுமதித்தது. இப்போது மென்பொருள் இரு உணரிகளையும் ஒப்பிடுகிறது. அவை முரண்பட்டால் இயங்காது. இயங்கினாலும் ஒருமுறைதான் அழுத்தும், அதையும் விமானி மீற முடியும். விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே பாவனையாகப் பழகும் கருவியில் (சிமுலேட்டர்) பயிற்சி பெறாமல் எவரும் இதை ஓட்ட இயலாது. அந்தக் குறிப்பிட்ட குறை களையப்பட்டுவிட்டது என்பதே என் தொழில்முறைக் கருத்து.

பதில் 2:
பொறியாளர் ஐயா "அந்தக் குறிப்பிட்ட குறை" என்று கவனமாகச் சொல்லியிருக்கிறார்; என் கவலை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9 ஒன்று ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் இருந்தபோது, கதவுக்கான திறப்பை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் தொழிற்சாலையில் ஏதோ வேலைக்காகக் கழற்றப்பட்டு, திரும்ப மாட்டப்படவே இல்லை. கழற்றியதற்குப் பதிவும் இல்லை. ஒட்டியிருந்த இருக்கைகள் அன்று காலியாக இருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றியதாக எழுந்த வழக்கில் 250 கோடி டாலருக்கு மேல் செலுத்த 2021இல் ஒப்புக்கொண்ட போயிங் நிறுவனத்தில், மூன்றாண்டுகள் கழித்தும் இந்த நிலை என்றால், பயணி சந்தேகப்படுவதில் என்ன தவறு?

பதில் 3 (முதல் பதில் எழுதியவர்):
தவறே இல்லை. ஆனால் அத்தகைய அடைப்புப் பலகை வழக்கமான மேக்ஸ் 8 விமானத்தில் கிடையாது. இன்னொன்றையும் கேள்வி கேட்டவர் எண்ணிப் பார்க்க வேண்டும்: விபத்துகளில் பெரும்பாலானவை மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் நேர்பவை, நடுவில் மாறிச் சென்றால் அவை இரண்டும் இருமடங்காகின்றன. தனிப்பட்ட ஒரு பயணத்தில் அந்த வேறுபாடு மிகச் சிறியதுதான், என்றாலும் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதற்குரிய பாதுகாப்பு அதில் இல்லை.

பதில் 4:
சீட்டில் உள்ள விமான வகையைக் கடைசி நேரத்தில் நிறுவனங்கள் மாற்றுவதுண்டு. வேறு வகை என்று நம்பி மாற்றிய பிறகும் மேக்ஸே வந்து நிற்கலாம். எது வந்திருக்கிறது என்பதை இருக்கை முன்னுள்ள பாதுகாப்பு அட்டை காட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போல்ட்டு விவகாரத்தைவிட, விமானிகளிடமே சொல்லாமல் மறைத்தார்கள் என்பதுதான் அவரை அதிகம் உலுக்கியது, "இப்போதாவது சொல்லியிருக்கிறார்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். சீட்டை மாற்றவில்லை.