சந்தேகம்: விறகு பிளக்கும் மெஷின் வெறுமனே ஓடுகிறது, கட்டையில் முட்டினால் நின்றுவிடுகிறது

மரத்தூள்

பெட்ரோலில் ஓடும் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் தள்ளும்) விறகு பிளக்கும் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஆறரைக் குதிரைத்திறன் எஞ்சின், 4 அங்குல சிலிண்டர், பக்கவாட்டில் "25 டன்" என்று ஸ்டிக்கர். கட்டை வைக்காமல் லிவரைத் தள்ளினால் பிஸ்டன் ஜோராகப் போகிறது, ஜோராகத் திரும்பி வருகிறது. கைத்தடிமன் கட்டைகளும் பிளந்துவிடுகின்றன. கொஞ்சம் பருத்த கட்டை, அதிலும் கணு இருந்துவிட்டால் அவ்வளவுதான். ஆப்பு ஒரு விரற்கடை இறங்கி அப்படியே நிற்கும். லிவரை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் அசைவில்லை.

ஆயில் அளவு சரியாக இருக்கிறது. நுரை இல்லை, பால் நிறமும் இல்லை. ஒரு ஹோஸ் மூட்டில் மட்டும் லேசாக ஈரம் தெரிகிறது. விற்றவரைக் கேட்டால், "உங்கள் கட்டை வைரம் பாய்ந்தது, அதற்கு 35 டன் மெஷின்தான் வேண்டும்" என்கிறார். மெஷினை மாற்றத்தான் வேண்டுமா, இல்லை இதிலேயே ஏதாவது கோளாறா?

ஈரவிறகு

கணு விழுந்த கட்டை என்றால் 35 எடுத்துவிடுவது நல்லது. பெரிதாக வாங்கினால் ஒரே தலைவலியோடு முடிந்துவிடும்.

திருகாணி

அவசரப்பட்டுப் பெரிதாக வாங்க வேண்டாம். தம்பி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆப்பு கட்டையில் சிக்கி நிற்கும்போது எஞ்சின் சத்தம் எப்படி இருக்கிறது? முக்கி முனகுகிறதா, இல்லை ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருக்கிறதா?

மரத்தூள்

ஒன்றும் நடக்காதது போலத்தான் அண்ணா. லேசாக மாறுகிறது, அவ்வளவே. இன்னொன்று: கொஞ்ச நேரம் ஓட்டினாலே ஆயில் டேங்க் கை வைக்க முடியாதபடி சுடுகிறது.

திருகாணி

அப்படியென்றால் கட்டையின் மேல் பழி போட முடியாது. மெஷின் தன் முழு பலத்தைக் கொடுத்தும் கட்டை பிளக்கவில்லை என்றால் எஞ்சின் கட்டாயம் முனகும், அளவு மீறும் பிரஷரைத் திறந்து விடும் ரிலீஃப் வால்வும் கீச்சென்று கத்தும். உங்கள் எஞ்சினுக்குச் சுமையே ஏறவில்லை. பிரஷர் எங்கோ வழியிலேயே ஓடிப்போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். இந்த மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு கட்ட கியர் பம்ப் இருக்கும். உள்ளே பெரிய பல்சக்கர ஜோடி ஒன்று, சிறிய ஜோடி ஒன்று. எதிர்ப்பு இல்லாதவரை இரண்டும் சேர்ந்து ஆயில் தள்ளும். சாதாரணமாக நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில். அதனால்தான் வெறுமனே ஓட்டும்போது பிஸ்டன் பறக்கிறது. கட்டையில் முட்டி பிரஷர் சுமார் 600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டியதும் பெரிய ஜோடி விலகிக்கொள்ளும், சிறிய ஜோடி மட்டும் தள்ளும். அப்போது ஓட்டம் 11 லிட்டருக்கு இறங்கிவிடும், ஆனால் பிரஷர் 2,500 முதல் 3,000 பிஎஸ்ஐ வரை ஏறும். வேகம் குறைந்து பலம் கூடுகிற இடம் அதுதான். நல்ல மெஷினில் இந்த மாற்றம் காதிலேயே தெரியும்.

வெறுமனே வேகமாக ஓடுவதை வைத்து பம்ப், வால்வு, சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். 40 லிட்டர் ஓடும்போது கொஞ்சம் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் ஏற வேண்டிய நேரத்தில்தான் அந்தக் கசிவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

நட்டுபோல்ட்

இதற்குப் போய் இவ்வளவு கதையா? லிவர் மாட்டிய வால்வுப் பெட்டியின் மேல் மூடி போட்ட திருகு ஒன்று இருக்கும். அதை இரண்டு சுற்று உள்ளே முறுக்கினால் பிரஷர் ஏறிவிடும். நான் அப்படித்தான் செய்வேன்.

திருகாணி

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது ரிலீஃப் வால்வை இறுக்கும் திருகு. ஹோஸ், சிலிண்டர், பம்ப் எதுவும் வெடிக்காமல் காப்பது அந்த வால்வு ஒன்றுதான். பிரஷரைக் காட்டும் கேஜ் இல்லாமல் திருகை முறுக்குகிறவருக்கு உள்ளே 2,000 இருக்கிறதா 4,000 இருக்கிறதா என்று தெரியாது. கோளாறு வேறு இடத்தில் இருந்து, அது ஒருநாள் தானாகச் சரியானால், முறுக்கி வைத்த அளவுக்குப் பிரஷர் எகிறும். அப்போது பக்கத்தில் நிற்பவர் நிலைமையை யோசியுங்கள்.

கரிக்கோடு

மரத்தூள், அந்த ஹோஸ் மூட்டு ஈரத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில், கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அது நேராக அறுவைசிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போனால் விரல் போய்விடும். மருத்துவரிடம் "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போனது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாதாரணக் குத்துக்காயம் என்று மருந்து தடவி அனுப்பிவிடுவார்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பிடியுங்கள், அது நனையும்.

மரத்தூள்

நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. அட்டை வைத்துப் பார்த்தேன், பீய்ச்சவில்லை, மூட்டின் மரையில் மட்டும் கசிகிறது. திருகாணி அண்ணா, அடுத்து எதைப் பார்க்கட்டும்? பிஸ்டன் சீல் போயிருக்குமா?

திருகாணி

போயிருக்கலாம், ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். 5,000 பிஎஸ்ஐ வரை காட்டுவது, உள்ளே கிளிசரின் நிரப்பியது. பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு டீ மூட்டு போட்டு மாட்டுங்கள். மூட்டும் அந்த பிரஷருக்கு உரியதாக இருக்கட்டும், தண்ணீர்க் குழாய்ச் சாமான் கூடவே கூடாது. கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிட்டு, லிவரை இரண்டு பக்கமும் சில தடவை ஆட்டி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

பிறகு கட்டையே வைக்காமல் பிஸ்டனைக் கடைசி வரை தள்ளி, முட்டி நிற்கும்போது லிவரை இரண்டு விநாடி மட்டும் பிடித்து கேஜைப் பாருங்கள். கூடவே எது அதிகம் சுடுகிறது என்றும் கவனியுங்கள். பிஸ்டன் சீல் போயிருந்தால் ஆயில் சிலிண்டருக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவும், சிலிண்டர் சூடாகும். ரிலீஃப் வால்வு சரியாக மூடாவிட்டால் வால்வுப் பெட்டிதான் முதலில் கொதிக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஆயில் வேலை செய்யாமல் சந்து வழியாகப் போனால் அத்தனையும் சூடாகத்தான் மாறும். உங்கள் டேங்க் சுடுவதும் அதனால்தான்.

கேஜ் வருவதற்குள், அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. 4 அங்குல சிலிண்டரின் முகப்பரப்பு 12.57 சதுர அங்குலம். 3,000 பிஎஸ்ஐ கொடுத்தால்கூட 37,700 பவுண்டு, அதாவது 17 மெட்ரிக் டன். 2,000 பவுண்டை ஒரு டன்னாக எண்ணும் அமெரிக்கக் கணக்கில் போட்டாலும் 19ஐத் தாண்டாது. 25 என்று எழுத நாலரை அங்குல சிலிண்டராவது வேண்டும், அதற்கும் அமெரிக்க டன்னில் 24தான் வரும். ஸ்டிக்கர் அச்சடிக்க ஹைட்ராலிக்ஸ் தெரிய வேண்டியதில்லை!

ஈரவிறகு

அப்போ பெரிய சிலிண்டர்தானே நல்லது? 35 டன் என்று நான் சொன்னதில் தப்பில்லையே.

திருகாணி

பம்பைப் பார்க்காமல் சொன்னால் தப்பு. 4 அங்குல சிலிண்டர் 24 அங்குலம் நகர சுமார் 5 லிட்டர் ஆயில் வேண்டும்; 40 லிட்டர் பம்பில் ஏழெட்டு விநாடி. 5 அங்குல சிலிண்டர் என்றால் 7.7 லிட்டர், அதே பம்பில் பன்னிரண்டு விநாடிக்குப் பக்கம். பெரிய பம்ப் போட்டால் எஞ்சினும் பெரிதாக வேண்டும், ஆயில் டேங்கும் பெரிதாக வேண்டும். தினமும் முரட்டுக் கட்டை பிளக்கிறவருக்கு அது சரி. வீட்டு அடுப்புக்கு வருஷத்துக்கு ஒருமுறை விறகு சேர்க்கிறவர் ஒவ்வொரு கட்டைக்கும் காத்துக்கொண்டு நிற்பார். வாங்கும்போது டன்னை மட்டும் கேட்காமல் சிலிண்டர் விட்டம், பம்ப் ஓட்டம், போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் கேளுங்கள்.

தேனீப்பெட்டி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கொஞ்சம் விறகுதான் தேவை, மின்சார மெஷின் போதுமா? நண்பர் ஒருவருடையது உம்மென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது, அதனால் பயமாக இருக்கிறது.

கரிக்கோடு

மெல்லிய கட்டைக்கு 5 முதல் 7 டன் மின்சார மெஷின் தாராளம். நண்பருடையது அநேகமாக நீளமான, மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடுகிறது. வயரில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கிளம்பாமல் உறுமும், அப்படியே விட்டால் சுருள் கருகும். பருத்த கம்பி, குறைந்த நீளம். இன்னொன்று, இவற்றில் பல மாடல்களில் காற்று விடும் சிறு திருகு ஒன்று உண்டு. ஓட்டும் முன் அதை ஓரிரு சுற்று தளர்த்த வேண்டும், தூக்கிக்கொண்டு போகும்போது மறுபடி இறுக்க வேண்டும். தளர்த்தாமல் ஓட்டினால் உள்ளே அடைபட்ட காற்று அழுந்தி சீலைக் கெடுத்துவிடும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஓடும்படி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிற புத்திசாலிகள் உண்டு. நீங்கள் வேண்டாம்.

மரத்தூள்

கேஜ் மாட்டிவிட்டேன். பிஸ்டன் முட்டி நிற்கும்போது 500 பிஎஸ்ஐ, அதற்கு மேல் முள் ஏறவே இல்லை. சிலிண்டர் வெதுவெதுப்பு, வால்வுப் பெட்டி கொதிக்கிறது.

திருகாணி

500 என்றால் உங்கள் சிலிண்டரில் மூன்று டன் பலம்கூட இல்லை. கைத்தடிமன் கட்டை பிளந்ததே அதிர்ஷ்டம். பம்ப் இரண்டாவது கட்டத்துக்கு மாறவே இல்லை.

ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முன் திருகு எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். ஸ்பிரிங், குண்டு அல்லது கூம்பு, அது உட்காரும் இடம் மூன்றையும் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தூசி, இரும்புத் துணுக்கு, ரப்பர் எது இருந்தாலும் மூடாது.

மரத்தூள்

கண்டுபிடித்தாயிற்று! கூம்பு உட்காரும் இடத்தில் வெள்ளையாக நூல் போல ஒன்று சிக்கியிருந்தது. குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டேப். முன்பு வைத்திருந்தவர் ஹோஸ் மாற்றும்போது சுற்றியிருக்கிறார், அந்த ஈரமான மூட்டில் அதே டேப் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. துடைத்து, எண்ணி வைத்த இடத்துக்கே திருகை முறுக்கினேன். இப்போது முள் 2,600 வரை போகிறது, எஞ்சின் நன்றாக முனகுகிறது. நேற்று நின்ற அதே கட்டை படாரென்று பிளந்தது.

திருகாணி

நல்லது. 2,600 உங்கள் சிலிண்டரில் 15 டன்னுக்கு ஒரு மயிரிழை குறைவு, போதும் போதும். வால்வில் அடித்திருக்கும் அளவைத் தாண்டாதவரை திருகைத் தொடாதீர்கள்.

மீதி டேப் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். ஆயிலை வடித்து, டேங்குக்குள் இருக்கும் சல்லடையைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள். வெயில் காலத்துக்கு 46 தரம் (ஆயிலின் கெட்டித்தன்மை எண்), குளிர் அதிகம் என்றால் 32. பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிப் போய்விடும். கசிகிற மூட்டில் டேப்பைச் சுரண்டி எடுத்து, மரைக்கு ஹைட்ராலிக்குக்கு உரிய திரவ சீலன்ட் தடவுங்கள், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

நட்டுபோல்ட்

சரி, ஒத்துக்கொள்கிறேன், கேஜ் வாங்கியது உருப்படி. என் மெஷினில் நேர் எதிர்: கட்டையில் முட்டியதும் எஞ்சினே அணைந்துவிடும்.

திருகாணி

உங்கள் பம்பில் பெரிய சக்கர ஜோடி விலகாமல் சுமையை இழுத்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் கார்புரேட்டரில் அடைப்பு. ஏற்கெனவே அந்தத் திருகை முறுக்கியிருக்கிறீர்கள் என்பதால் முதலில் கேஜ்தான்.

கோடாலிக்காம்பு

மெஷின் சரியாகிவிட்டது, இனி கட்டையைப் பற்றிப் பேசலாம். முனை சாய்வாக அறுத்த கட்டையை வைக்காதீர்கள், பிஸ்டன் தள்ளும்போது பக்கவாட்டில் எகிறும். பருத்த கணுக்கட்டையை நட்டநடுவில் பிளக்கப் பார்க்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள், நடுவில் நிற்கும் கணு கடைசியில் தனியாக வரும். கவட்டைக் கட்டை என்றால் கிளை பிரியாத முனையை ஆப்புப் பக்கம் வையுங்கள். தைலமரம் போன்றவற்றைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது சுலபம், காய்ந்தபின் கல்லாகிவிடும். பிளந்த விறகு சீக்கிரம் காயவும் செய்யும்; ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையில்லாமல் எரியும்.

முக்கியமாக, கட்டையை வைக்கிறவர்தான் லிவரையும் தொட வேண்டும். ஒருவர் வைக்க இன்னொருவர் தள்ளுவது வேகமாகத் தோன்றும், கை போவதும் அப்படித்தான்.

மரத்தூள்

இதுவரை இரண்டு பேராகத்தான் செய்தோம், நாளை முதல் மாற்றிக்கொள்கிறோம். மெஷினோடு நான்கு பக்க ஆப்பு ஒன்றும் கொடுத்தார்கள். அதை மாட்டலாமா?

கோடாலிக்காம்பு

நேரான, கணு இல்லாத நடுத்தரக் கட்டைக்கு மாட்டுங்கள், ஒரே தள்ளலில் நாலு துண்டு வரும். கணு கண்டால் கழற்றிவிடுங்கள். 15 டன்னை நாலு விளிம்புக்குப் பங்கு போட்டால் மறுபடியும் நடுவில் நிற்கும், நீங்களும் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.